பிறர் பொருளைக் காக்கும் பணி

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க!



சுருத பஞ்சமி நூலுக்கு எடுக்கப்படும் விழா. ஆகமங்கள் செவிவழியாகவே வழங்கிவந்த காலத்தில், கிர்நார் மலைக் குகையில் தவமியற்றிய தரசேன ஆசாரியார் தம் முதுமையை உணர்ந்தார். தம் நினைவில் தங்கியிருந்த ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடுமோ என்ற கவலை அவரை வாட்டியது. தென்னாட்டு முனிவர் சங்கத்திற்குச் செய்தி அனுப்பினார். பின்னர் புட்பதந்தர் என்றும் பூதபலி என்றும் பெயர் பெற்ற இரு முனிவர்கள் அவரை நாடி வந்தனர்.

வந்தவர்களுக்கு ஆசாரியார் உடனே பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து உருவேற்றச் சொன்னார். ஒன்றில் ஓர் எழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைவு. மந்திரம் முற்றியபோது ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றினர். தேவதையர்க்கு இவ்வடிவம் இயல்பன்று என்று உணர்ந்த முனிவர்கள், மந்திரத்தில் பிழையிருத்தல் வேண்டும் எனத் தெளிந்து, இலக்கணப்படி எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதையர் இயல்பான வடிவில் காட்சி தந்தனர். நிகழ்ந்ததைக் கேட்ட பின்னரே ஆசாரியார் அவர்களுக்கு ஆகமத்தைக் கற்பித்தார். அதன் பயனாக எழுந்ததே சட்கண்டாகமம். அது ஏட்டில் எழுதி நிறைவுற்று வழிபடப்பெற்ற நாளே சுருத பஞ்சமி. பூதபலி முனிவர் பின்னர் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பதும் மரபுவழிச் செய்தி.

இக்கதையில் ஆசாரியார் சோதித்தது நினைவாற்றலை மட்டுமன்று. கையில் வந்த பொருளில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அதைக் கண்டறியும் விழிப்பு இவர்களிடம் உண்டா என்றே சோதித்தார். பிறர் ஒப்படைத்ததைக் காப்பவர்க்கு முதல் தகுதி அதுவே.

இக்காலத்தில் இந்த விழிப்பையே தொழிலாகக் கொண்டு வாழ்வோர் உளர். அவர்களைத் தரவுத்தள நிர்வாகிகள் என்பர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் பணியாற்றுகின்றனர். “பிள்ளைக்கு என்ன வேலை?” என்று ஊரில் கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை” என்னும் ஒரு சொல்லோடு பெற்றோர் நிறுத்திக்கொள்கின்றனர். அச்சொல்லுக்குள் எத்தனையோ தொழில்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் காவல் தொழில் ஒன்று உண்டு என்பதையும், அது சமண இல்லறத்தார்க்கு எவ்வளவு அணுக்கமானது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தரவுத்தளம் என்பது யாது?

ஊரில் வாழும் தந்தை ஒருவர், நகரில் படிக்கும் மகளின் வங்கிக் கணக்கிற்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார் எனக் கொள்வோம். தந்தையின் கணக்கில் கழிக்க வேண்டும். மகளின் கணக்கில் சேர்க்க வேண்டும். முதற்செயல் முடிந்து இரண்டாவது நிகழுமுன் மின்சாரம் நின்றுவிட்டால் பணம் எங்கே போகும்? எங்கும் போகாது. இரண்டும் நிகழ வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்பது தரவுத்தளத்தின் அடிப்படை ஒழுக்கம். எந்த மாற்றத்தையும் மூல ஏட்டில் செய்யுமுன் குறிப்பேடு ஒன்றில் எழுதிக்கொள்வது அதன் வழக்கம். மின்சாரம் மீண்டு வந்ததும் குறிப்பேட்டைப் படித்து, முற்றுப்பெற்றதை நிலைநிறுத்தி, முற்றுப்பெறாததை நீக்கிவிடும். பேரேட்டில் ஏற்றுமுன் நாட்குறிப்பில் பற்று வரவு எழுதிய பழைய கணக்குப்பிள்ளைக்கு இம்முறை புதிதன்று.

செய்திகளை நிரல்களும் நிரைகளுமாக அட்டவணைகளில் அமைத்து, அவற்றிடையே உள்ள உறவால் வினாக்களுக்கு விடை காணலாம் என்னும் கோட்பாட்டை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்டார். வங்கி, மருத்துவமனை, இரயில் முன்பதிவு, பள்ளித் தேர்வு, குடும்ப அட்டை என இன்று மக்கள் வாழ்வைத் தாங்கி நிற்கும் பதிவேடுகளுள் பெரும்பாலானவை அக்கோட்பாட்டின் வழியே அமைந்தவை.

இப்பதிவேடுகளைக் காப்பவரே நிர்வாகி. முந்தைய இரவு காப்புப் பிரதி முறையாக எடுக்கப்பட்டதா என்று பார்ப்பதில் அவர் காலைப்பொழுது தொடங்குகிறது. வட்டில் இடம் போதுமா, மெதுவாக நடக்கும் வினவல் எது, யாருக்கு எந்த அட்டவணையைப் பார்க்கும் உரிமை உண்டு, பணி விட்டு விலகியவரின் உரிமை நீக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றையும் நோக்குகிறார். பிறர் வேலை நிற்கக் கூடாது என்பதனால், பெரிய மாற்றங்களை அவர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்ய நேர்கிறது. வீட்டார் உறங்கும் நள்ளிரவில் அவர் தொலைபேசி ஒலிக்கிறது. இரவு உண்ணாமை நோன்புடையோர் இத்தகைய பணி நாள்களில் கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு அமர்கின்றனர். அதற்கு வேண்டிய உணவை மாலை ஐந்து மணிக்கே ஆயத்தம் செய்து தரும் தாயும் மனைவியும் அந்த நோன்பில் பங்குடையவர்கள்.

அவர் தம் பணியைச் செவ்வனே செய்தால் எவரும் அவரை நினைப்பதில்லை. பணம் உரிய இடம் சேர்கிறது, பயணச்சீட்டு கிடைக்கிறது, சோதனை முடிவு மருத்துவர் கைக்கு வருகிறது. ஏதேனும் தவறினால் மட்டுமே அவர் பெயர் கேட்கப்படுகிறது. புகழை எதிர்பாராது கடமை செய்யும் பயிற்சி அத்தொழிலில் இயல்பாகவே அமைந்துள்ளது.

திறவுகோல் உடையவரின் கள்ளாமை

கொடுக்கப்படாததை எடுத்தல் களவு என்பது சமண அறநூல்களின் வரையறை. பூட்டை உடைத்தல் வேண்டும் என்பதில்லை. உரியவர் தராததைக் கைக்கொண்டாலே அது களவாகும். இவ்வரையறை தரவுத்தள நிர்வாகிக்குப் பொருந்துவதுபோல் வேறெவர்க்கும் பொருந்துவது அரிது. அவரிடம் பூட்டு எதுவும் இல்லை. எல்லாத் திறவுகோலும் அவரிடமே உள்ளன. அலுவலகத்தில் உடன் பணிபுரிவோரின் ஊதியம் என்ன, அண்டை வீட்டாரின் நோய் என்ன, உறவினர் ஒருவரின் கடன் எவ்வளவு என்று அறிய அவர் இரண்டு வரி எழுதினால் போதும். தேவையின்றி ஒரு பதிவைத் திறந்து பார்ப்பதும் கொடுக்கப்படாததை எடுப்பதேயாகும். எடுத்த பொருள் அங்கேயே இருக்கும்; ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. ஆயினும் உரியவர் தம் நம்பிக்கையை இழந்திருப்பார்.

இதனை அறிந்த நல்ல நிர்வாகிகள், பணிக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை எவர்க்கும் வழங்குவதில்லை, தமக்கும் வைத்துக்கொள்வதில்லை. பார்க்க வேண்டியவர்க்குப் பார்க்கும் உரிமை மட்டும். எழுத வேண்டியவர்க்கு எழுதும் உரிமை மட்டும். யார் எப்போது எதைத் திறந்தார் என்பதும் பதிவாகும். அப்பதிவை நிர்வாகியே அழிக்க இயலாதபடி வேறிடத்தில் வைப்பர். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் நிலத்திற்கும் பொன்னுக்கும் மட்டும் உரியதன்று. அதிகாரத்திலும் அளவு உண்டு என்பதை இத்தொழில் நாள்தோறும் நினைவூட்டுகிறது.

ஓர் இரவின் பாடம்

மென்பொருள் வல்லுநர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளங்களுள் கிட்லேப் என்பது ஒன்று. 2017 ஜனவரி 31 அன்று அத்தளத்தின் தரவுத்தளம் அளவு மீறிய சுமையால் தடுமாறியது. மூலத் தரவுத்தளத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து படியெடுக்கும் இரண்டாம் சேவையகம் பின்தங்கிவிட்டது. அதைச் சீர்செய்ய நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், இரண்டாம் சேவையகத்தில் இருந்த பழைய கோப்புகளை நீக்கக் கருதிக் கட்டளையிட்டார். ஆனால் அவர் கட்டளையிட்டது மூலச் சேவையகத்தில். ஓரிரு நொடியில் பிழையை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியது.

காப்புப் பிரதிகளைத் தேடினர். நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பிரதி இல்லை. அதை எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் வேறுபட்டிருந்தமையால் அது தோல்வியுற்றே வந்திருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுநரைச் சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்தன. வேறு முறைகளை நாடினர், அவையும் கைகொடுக்கவில்லை. இறுதியில் உதவியது தற்செயலான ஒரு பிரதி. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன், சோதனைப் பணிக்காக அதே பொறியாளர் தம் கையால் எடுத்து வைத்திருந்த பிரதி அது. அதைக் கொண்டு தளம் மீண்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு மீளவில்லை. ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விவரங்களும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் இழப்பில் அடங்கின. வல்லுநர்களின் நிரல்கள் தனியே சேமிக்கப்பட்டிருந்தமையால் தப்பின.

இத்தகைய இழப்புகள் வேறு இடங்களிலும் நேர்ந்துள்ளன. இந்நிகழ்ச்சி இன்றும் நிர்வாகிகளிடையே பேசப்படுவதற்குக் காரணம் அதன்பின் நடந்ததே. அந்நிறுவனம் நிகழ்ந்ததை மறைக்கவில்லை. மீட்புப் பணியின் குறிப்புகளை அப்போதே எவரும் படிக்குமாறு திறந்து வைத்தது. பணி நடப்பதை நேரலையாகவும் காட்டியது. சில நாள்களில் எந்தக் கட்டளை எங்கே பிழைத்தது, எந்தப் பிரதி ஏன் இல்லாது போயிற்று என்று முழுமையான விளக்க அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையில் பொறியாளரின் பெயர் சுட்டப்படவில்லை; நடைமுறையின் குறைகளே ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன. எடுக்கும் பிரதியிலிருந்து தரவு உண்மையில் மீள்கிறதா என்று தானாகவே சோதிக்கும் ஏற்பாடும் திருத்தங்களுள் ஒன்றாயிற்று. அதைப் படித்த பிற நாட்டு நிர்வாகிகள் தம் காப்புப் பிரதிகளைத் திறந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது.

செய்த பிழையைக் குருவின்முன் மறைக்காது உரைத்தல் ஆலோசனை. அதினின்று மீண்டு வருதல் பிரதிக்கிரமணம். தசலட்சண பருவத்தில் முதலாவதாகப் போற்றப்படுவது பொறுமை. நேர்மையும் வாய்மையும் தொடர்கின்றன. பொறுமை இல்லாத இடத்தில் நேர்மை தழைப்பது அரிது. உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்படுவார் என்றால் அடுத்தவர் உண்மையை மறைப்பார். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நிகழும். இதனைக் குடும்பத் தலைவர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் எண்ணிப் பார்த்தல் நலம்.

கற்றதை ஈதல்

ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் எனத் தானம் நான்கு. ஏடு எழுதுவித்துக் கோயிலுக்கும் முனிவர்க்கும் வழங்கிய இல்லறத்தாரால் நிலைபெற்ற நூல்கள் பல. அத்தானத்தின் இயல்பை இன்று தரவுத்தள வல்லுநர்களின் சமூகங்களில் காணலாம்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. பல்கலைக்கழகம் அத்திட்டத்தை முடித்துக்கொண்ட பின்னும் அது மறையவில்லை. ஆர்வலர்கள் அதை ஏற்று வளர்த்தனர். 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்றது. எந்த ஒரு நிறுவனத்திற்கும் தனியுடைமையாகாமல், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வண்ணம் பல நாட்டினர் அதைக் காத்து வருகின்றனர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தம் திருத்தத்தைச் சமர்ப்பிப்பவர், அதற்கு ஈடாகப் பிறர் ஒருவரின் திருத்தத்தைப் படித்துச் சரிபார்த்துத் தர வேண்டும். பெறுபவரே கொடுப்பவராகவும் அமையும் ஏற்பாடு இது.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தளத்தைக் கையாளும் நிர்வாகிகள் 2007-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் எஸ்கியூஎல் சனிக்கிழமை என்னும் ஒருநாள் பயிலரங்கைத் தொடங்கினர். உள்ளூர்த் தொண்டர்கள் விடுமுறை நாளில் இடம் தேடி, உணவு ஏற்பாடு செய்து நடத்துவர். சொற்பொழிவாளர்கள் ஊதியம் பெறாது வந்து கற்பிப்பர். பிற நாடுகளுக்கும் அது பரவியது. அதை நடத்திவந்த தொழில்முறைச் சங்கம் பெருந்தொற்றுக் காலத்து இடரால் 2021 ஜனவரியில் கலைந்தது. பயிலரங்குகள் நிற்கவில்லை. சங்கம் கலைந்தாலும் தொண்டர்கள் இருந்தனர். அவர்களால் பணி தொடர்ந்தது. சுவீடன் நாட்டவரான ஓலா ஹாலங்ரென், காப்புப் பிரதி எடுத்தலையும் தரவின் பழுதறிதலையும் செய்யும் நிரல்களை எழுதி இலவசமாக வழங்கினார். அவரை நேரில் கண்டறியாத நிர்வாகிகள் பல நாடுகளிலும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

போட்டி நிறைந்த தொழிலில் கற்றதை ஏன் ஈகின்றனர் என்று கேட்கலாம். நள்ளிரவில் தனித்து நின்று ஒரு பிழையோடு போராடியவர்க்கு அந்தத் தனிமை தெரியும். முன்பின் அறியாத ஒருவர் எழுதிவைத்த குறிப்பால் அவர் மீண்டிருப்பார். அதே இடரில் நாளை நிற்கப்போகும் மற்றொருவர்க்காக அவரும் எழுதி வைக்கிறார். ஏட்டின் இறுதியில், பிழையிருப்பின் பொறுத்துத் திருத்திக்கொள்க என்று வேண்டிக்கொண்ட பழைய படியெடுப்போரின் மனநிலை அதுவே.

சங்கத்திற்கு ஆற்ற வேண்டுவன

ஓரிடத்தில் மட்டும் உள்ள பிரதி, இல்லாத பிரதிக்கு ஒப்பாகும் என்பது நிர்வாகிகளின் அனுபவ மொழி. சட்கண்டாகமத்தின் உரையாகிய தவளத்தின் ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகள் மூடுபித்ரியில் மட்டுமே எஞ்சியிருந்தன. வழிபாட்டிற்குக் காட்டப்பட்டனவே அன்றிப் படிக்கப்படவில்லை. ஒரு தீயோ ஒரு வெள்ளமோ வந்திருப்பின் இன்று இவ்விழாவிற்கு உரிய நூலே இல்லை. பெருமுயற்சியால் படியெடுக்கப்பட்டு, ஹீராலால் ஜைன் அவர்களால் 1939 முதல் 16 தொகுதிகளாக அது அச்சேறியது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் தம் மரபறிவால் துணைநின்றதையும் தமிழுலகம் அறியும். காத்ததைப் பகிர்ந்தமையால் அந்நூல் நிலைத்தது.

இன்று சங்கங்களின் பொறுப்பில் உள்ள செல்வங்கள் பல. ஜினாலயங்களின் சொத்துப் பதிவுகள், கல்வெட்டுப் படிகள், வீடுகளில் எஞ்சியுள்ள ஓலைச்சுவடிகளின் நிழற்படங்கள், குடும்பப் பதிவேடுகள், திருமணத் தகவல் ஏடுகள் ஆகியவை அவை. இவற்றுள் எத்தனை ஒரே மடிக்கணினியில், ஒரே கைப்பேசியில், ஒருவர் மட்டும் அறிந்த கடவுச்சொல்லின்பின் உள்ளன? அப்பொறுப்பாளர்க்கு ஒன்று நேர்ந்தால் தரசேனரின் கவலை நம் கவலையாகும். அவர் முன்னரே கவலையுற்றார்; சங்கங்கள் பின்னர் வருந்த நேரிடும்.

ஆதலால் இத்துறையில் பணிபுரியும் இளைஞர்களும் நங்கையரும் தம் ஊர்ச் சங்கத்திற்கு மூன்று தொண்டுகளைச் செய்யலாம்.

முதலாவது, சங்கத்தின் ஒவ்வொரு பதிவேட்டிற்கும் மூன்று பிரதிகள் வைத்தல். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். இது துறையினர் யாவரும் அறிந்த விதி.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிரதியிலிருந்து பதிவேட்டை மீட்டுப் படித்துப் பார்த்தல். அதற்குச் சுருத பஞ்சமியே உகந்த நாள். ஏடுகளை எடுத்து, தூசி தட்டி, புதிய துணி சுற்றி வழிபடும் நாளில், கணினியில் உள்ள ஏடுகளையும் திறந்து பார்ப்பது அவ்வழிபாட்டின் தொடர்ச்சியே. ஓர் எழுத்து மிகினும் குறையினும் கண்டறியும் விழிப்பை ஆசாரியார் எதிர்பார்த்தார்.

மூன்றாவது, குடும்பத் தகவல்களைக் காத்தல். பெண் பிள்ளைகளின் பிறந்த நாள், தொலைபேசி எண், முகவரி, ஜாதகம் ஆகியவை நல்லெண்ணத்தால் பலர் கைக்கும் அனுப்பப்படுகின்றன. பின்னர் எவர் கையில் சேர்கின்றன என்பதை யாரும் அறியார். உரியவரின் இசைவு பெறுதல், வேண்டிய அளவே கேட்டல், பயன் முடிந்தபின் நீக்குதல் என்பன 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உட்பொருள்கள். கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் கற்ற சமூகத்திற்கு இவை சட்டத்திற்கு முன்பே விளங்கியிருக்க வேண்டியவை.

மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொண்டு செய்ய முன்வரும் இளையவர் ஒருநாள் பிழை செய்வார். அவர் அதை மறைக்காது வந்து சொன்னால், அந்நாளைக் க்ஷமாவணியாகக் கருதுக. கடிந்து பேசிய சங்கத்தில் அடுத்த பிழை வெளிவராது. அடுத்த இளைஞரும் வரமாட்டார்.

கிர்நார் குகையில் இருந்த முதியவர் தம் நினைவில் இருந்ததைத் தம் உடைமையாகக் கருதவில்லை. தமக்கு முன்னோர் தந்ததைப் பின்னோர்க்குக் கைமாற்றித் தரும்வரை வைத்திருக்கும் பொறுப்பாகவே கருதினார். நள்ளிரவில் ஒளிரும் திரையின்முன் அமர்ந்து, தமக்கு உரிமையில்லாத ஒரு கணக்கை, தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவர்க்காகப் பிழையின்றிக் காத்துத் தரும் மகனும் மகளும் அந்தப் பொறுப்பின் வழியினரே. இனி ஊரில் எவரேனும் “பிள்ளைக்கு என்ன வேலை?” என்று கேட்டால், “பிறர் பொருளைக் காக்கும் வேலை” என்று பெற்றோர் விடை கூறலாம்.

அருகன் அறம் ஓங்குக!